எவ்வளவுக்கு? – துருக்கிக் கடைத்தெருவில் ஒரு தமிழ் இலக்கண வகுப்பு

(டெங்கிலில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டெங்கில் பேரங்காடி ஒன்றில் சாமான்களை அள்ளிக்கொண்டு காசு கட்டும் இடத்துக்குப் போனால், அங்கே நிற்கும் பெண் முதலில் விலையைச் சொல்வதில்லை. 'பை வேணுமா?' என்றுதான் கேட்பார். ஆளின் முகத்தைப் பார்த்து மலாயிலோ தமிழிலோ கேட்பார். சிலாங்கூரில் 2017 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்கு 20 சென் தனிக் கட்டணம் வந்தது. அந்தக் கட்டணம் பெற்ற கேள்வி இது.

துருக்கியிலும் இதே கதைதான். 2019 ஜனவரி 1 முதல் அங்கேயும் பைக்குக் காசு. தொடக்கத்தில் 25 குருஷ், அதாவது கால் லிரா. அன்று முதல் அந்த நாட்டுக் கல்லா ஒவ்வொன்றிலும் கேட்கிற கேள்வி: 'போஷெத் இஸ்தெர் மிஸினிஸ்?' போஷெத் என்றால் பை. மற்ற இரண்டும் சேர்ந்து 'வேண்டுமா உங்களுக்கு'. சொல் மூன்றுதான். ஆனால் துருக்கி இலக்கணத்தில் பாதி அதற்குள் மடித்து வைத்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

மலேசியத் தமிழர் புதிதாக ஒரு மொழி கற்கப் போனால் கையில் எடுப்பது ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம். துருக்கி மொழிக்கு அது சுற்றுவழி. வினைச்சொல் கடைசியில் வருமாம், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுமாம், 'இருக்கிறது' என்ற சொல் இல்லாமலே வாக்கியம் முடியுமாம் என்று அந்தப் புத்தகங்கள் ஒவ்வொன்றையும் வியப்போடு விளக்கும். ஆங்கிலேயருக்கு வியப்புத்தான். 'கல்லா எங்கே?' என்று இரண்டு சொல்லில் கேட்டுப் பழகிய ஒருவருக்கு 'கஸா நெரெதெ?' என்பதில் வியக்க ஒன்றும் இல்லை. கஸா என்றால் கல்லா, நெரெதெ என்றால் எங்கே. இரண்டிலும் வினைச்சொல்லே கிடையாது. துருக்கியைத் தமிழ் வழியாகப் படித்தால் பாதிப் பாடம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்பதுதான் இந்தப் பேச்சின் வாதம்.

கடையில் மொழி கற்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. புத்ராஜெயா எழுந்த இடத்தில் இருந்த பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்து, இங்கே தாமான் பெர்மாத்தாவில் குடியேறிய குடும்பங்களின் பாட்டிமார் மலாய் மொழியைப் பள்ளியிலா படித்தார்கள்? கடையில், லாரிக்காரரிடம், பசார் மாலாமில் படித்தார்கள். 'பஹாசா பசார்' என்று சந்தையின் பெயரையே அந்தப் பேச்சுக்கு வைத்துவிட்டது நாடு. அந்த 'பசார்' பாரசீகத்திலிருந்து வந்த பஜார். துருக்கியில் அது 'பஸார்'. அங்கே பஸார் என்றால் சந்தை, ஞாயிற்றுக்கிழமையும் அதுவே. திங்கட்கிழமைக்குப் பெயர் 'பஸார்தெஸி', ஞாயிற்றுக்கு மறுநாள். வாரத்தையே சந்தையிலிருந்து எண்ணத் தொடங்கும் மக்கள்.

டெங்கிலிலிருந்து ஓர் அக்கா இஸ்தான்புல் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையம் பக்கத்தில்தான். மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஐந்து மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவர் நேரே சந்தைக்குப் போகிறார்.

கடைக்காரர் 'புயுருன்!' என்கிறார். நேர்ப்பொருள் 'கட்டளையிடுங்கள்'. நம் ஊர் வழக்கில் 'வாங்க, சொல்லுங்க, என்ன வேணும்' என்ற மூன்றும் சேர்ந்தது. 'புயுர்' என்றால் நீ என்று பேசுவது, 'உன்' சேர்ந்தால் நீங்கள். சொல் – சொல்லுங்க, பார் – பாருங்க என்று நாம் செய்கிற அதே வேலை. ஒருமைக்கு 'ஸென்', பன்மைக்கு 'ஸிஸ்'. அந்தப் பன்மையே ஒருவருக்குக் காட்டும் மரியாதையாகவும் ஆகிறது. நீ, நீங்கள் என்ற வித்தியாசத்தை ஆங்கிலம் எப்போதோ கைவிட்டது. துருக்கி கைவிடவில்லை.

அக்கா ஒரு துணியைத் தொட்டு 'பு நெ கதர்?' என்று கேட்கிறார். இது எவ்வளவு?

'பு' என்றால் இது. 'நெ' என்றால் என்ன. 'கதர்' என்பது அரபியிலிருந்து வந்த சொல், அளவு என்று பொருள். வங்கி வட்டி பேசும்போது மலாயில் 'காடார்' என்கிறோமே, அதுவும் இந்த அரபுச் சொல்லின் வழி வந்ததுதான். ஆக 'நெ கதர்' என்றால் என்ன அளவு. நம் 'எவ்வளவு' மட்டும் என்னவாம்? எ, அளவு – இரண்டையும் ஒட்டிவைத்தது. ஒரே தச்சன் செய்த இரண்டு நாற்காலி போல இருக்கிறது.

தமிழில் 'எத்தனை' வேறு, 'எவ்வளவு' வேறு. மலாயில் இரண்டுக்கும் 'பெராப்பா' ஒன்றே போதும். துருக்கி நம் பக்கம். எண்ணக்கூடியதற்கு 'கச்', அளப்பதற்கு 'நெ கதர்'. 'கச் லிரா?' என்றால் எத்தனை லிரா. காய்கறிச் சந்தையில் இன்னும் ருசியான ஒரு வடிவம் காதில் விழும்: 'தொமாதெஸ் கச்சா?' கச்சா எண்ணெய் இல்லை. 'கச்' என்பதோடு நான்காம் வேற்றுமை உருபாகிய 'ஆ' சேர்ந்தது. தக்காளி எவ்வளவுக்கு? 'கச்சா வெரியோர்ஸுனுஸ்?' என்றால் 'எவ்வளவுக்குத் தர்றீங்க?' விலையோடு 'கு' உருபைச் சேர்க்க வேண்டும் என்று கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ வாங்குகிறவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. இஸ்தான்புல் தக்காளிக்காரருக்கும் எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் இதே கேள்வியைக் கேட்க முழு வாக்கியத்தையே வேறு விதமாகக் கட்ட வேண்டும்.

பதில் எண்ணாக வரும். 'யூஸ் எல்லி.' யூஸ் நூறு, எல்லி ஐம்பது, நூற்றைம்பது. ஆங்கிலத்தில் 'ஒன் ஹண்ட்ரட்', மலாயில் 'செராத்துஸ்' என்று நூற்றுக்கு முன் ஒன்றை வைக்கிறார்கள். தமிழும் துருக்கியும் வைப்பதில்லை. நூறு என்றால் நூறு, ஆயிரம் என்றால் ஆயிரம், 'பின்'. பத்துக்கு மேலும் அப்படியே: 'ஒன்' பத்து, 'பிர்' ஒன்று, 'ஒன் பிர்' பதினொன்று. எண்ணுக்குப் பின் வரும் பெயருக்குப் பன்மை விகுதி தேவையில்லை. 'இகி எல்மா' என்றால் இரண்டு ஆப்பிள். நாமும் கடையில் 'ரெண்டு ஆப்பிள் குடுங்க' என்றுதான் கேட்கிறோம், 'ரெண்டு ஆப்பிள்கள்' என்று கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

அந்த நாட்டில் எண்ணைப் பழக வேண்டியதற்கு வேறு காரணமும் உண்டு. 2005 ஜனவரியில் லிராவிலிருந்து ஆறு பூச்சியத்தை வெட்டினார்கள். அதற்கு முன்பு ஒரு டீ குடிக்க லட்சக்கணக்கில் எண்ண வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில் பணவீக்கம் அரசுக் கணக்கிலேயே 85 விழுக்காட்டைத் தாண்டியது. போன பயணத்தில் கேட்ட விலையை நினைவில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்து நிற்பார். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது சுட்டு. கையிலிருக்கும் பொருள் 'பு'. தூரத்தில் இருப்பது 'ஒ'. நடுவில் 'ஷு' என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் புத்தகம் தடுமாறும் இடம் இது, ஏனென்றால் ஆங்கிலத்தில் சுட்டு இரண்டுதான். தமிழ் இலக்கணத்தில் மூன்று: இ, உ, அ. இது, உது, அது. 'உது' தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. யாழ்ப்பாணப் பேச்சில் மறையவில்லை. ரயில்வே வேலைக்கு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் வேர்விட்டு, ஸ்காட் சாலையில் கந்தசாமி கோயிலை எழுப்பின. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் 'உது என்ன விலை?' என்று கேட்டால் சிரிக்க வேண்டாம். மூன்று சுட்டையும் கையில் வைத்திருப்பவர் அவர்தான். இரண்டு மொழியின் நடுச்சுட்டும் ஒரே வேலை செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாண 'உது' கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும். துருக்கி 'ஷு' பேசுபவர் விரல் நீட்டிப் புதிதாகக் காட்டுவதைக் குறிக்கும். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பையைக் கடைக்காரர் இன்னும் கவனிக்கவில்லை என்றால் 'ஷு நெ கதர்?' என்றுதான் கேட்க வேண்டும்.

சுட்டுப் பெயரோடு உருபு சேரும்போது நடப்பது இன்னும் அழகு. 'பு' என்பதோடு இரண்டாம் வேற்றுமை சேர்ந்தால் 'புனு'. நான்காம் வேற்றுமை சேர்ந்தால் 'புனா'. நடுவில் ஒரு 'ன்' எங்கிருந்தோ வந்து உட்காருகிறது. துருக்கி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விதி இது. நம் வகுப்பில் இதற்குப் பெயர் சாரியை. இது, அன், ஐ – இதனை. உயிரும் உயிரும் முட்டிக்கொள்ளும்போது துருக்கியில் ஒரு 'ய்' குறுக்கே நிற்கும். எல்மா ஆப்பிள், 'எல்மாயு' ஆப்பிளை. விலை, ஐ – விலையை. உடம்படுமெய் என்று நன்னூல் படித்தவர் எழுந்து சொல்வார். ஆறாம் வகுப்பில் புணர்ச்சி விதியைச் சபித்துக்கொண்டே படித்த பிள்ளைகளுக்கு, அது ஒரு நாள் இஸ்தான்புல்லில் பயன்படும் என்று யாரும் சொல்லாதது குறைதான்.

அந்த 'ஐ' உருபில் ஒரு நுணுக்கம். 'ஆப்பிள் வாங்கினேன்' என்பதற்கும் 'ஆப்பிளை வாங்கினேன்' என்பதற்கும் என்ன வேறுபாடு? முதலாவது ஏதோ ஆப்பிள். இரண்டாவது நாம் பேசிக்கொண்டிருந்த அந்த ஆப்பிள். 'எல்மா அல்தும்', 'எல்மாயு அல்தும்' – அதே வேறுபாடு, அதே இடத்தில். துருக்கி கற்கும் ஐரோப்பியர்கள் உருபை எப்போது போடுவது எப்போது விடுவது என்று ஆண்டுக்கணக்கில் திணறுகிறார்கள். தமிழ் வீட்டில் வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தை இதில் தவறுவதில்லை.

அக்கா அடுத்து கேட்பது: 'தஹா உஜுஸு வர் மு?' இன்னும் மலிவா ஒண்ணு இருக்கா? 'வர்' என்றால் இருக்கிறது. இல்லை என்றால் 'யோக்'. துருக்கிக் கடைத்தெருவைச் சமாளிக்க இந்த இரண்டு சொல் போதும். கடைக்காரர் வாயைத் திறக்காமல் முகவாயை மேலே தூக்கி, நாக்கால் 'ச்சு' என்று ஒலி எழுப்பினாலும் யோக் என்றுதான் பொருள். அவர் அனுதாபப்படுகிறார் என்று நினைத்து அக்கா நன்றி சொல்லிவிடக் கூடாது.

'யோக்' வேறு, 'தெயில்' வேறு. பொருள் இல்லை என்பதற்கு யோக். தன்மை அது அல்ல என்பதற்கு தெயில். 'பஹாலு தெயில்', விலை அதிகம் அல்ல. எழுத்துத் தமிழில் அல்ல, இல்லை என்று நாம் பிரித்துவைத்து, பேச்சில் இரண்டையும் 'இல்ல' என்று கலந்துவிட்டோம். மலாயில் புக்கான், தியாடா என்று பிரித்துப் பேசும் நம் பிள்ளைகள் இந்த இடத்தில் மலாயைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

'பெந்தெ பரா யோக்.' என்னிடம் பணம் இல்லை. 'பென்' நான், 'தெ' இடவேற்றுமை உருபு. என்னிடத்தில் பணம் இல்லை. ஆங்கிலத்தின் 'ஹேவ்' போன்ற வினை தமிழிலும் இல்லை, துருக்கியிலும் இல்லை. பொருள் நம்மிடம் இருக்கும் அல்லது இராது. 'பனா பிர் சான்தா லாஸும்' என்றால் எனக்கு ஒரு பை வேணும். 'பனா' எனக்கு. ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்க வேண்டிய இடத்தில் இரண்டு மொழியும் 'எனக்கு' என்று தொடங்குகின்றன.

பணத்தைக் குறிக்கும் 'பரா' என்ற சொல்லின் வரலாறும் பழகிய கதைதான். உதுமானியர் காலத்தில் அது ஒரு சின்ன நாணயம், 40 பரா சேர்ந்தால் ஒரு குருஷ். நாணயம் போய்விட்டது, சொல் மட்டும் பணம் என்ற பொதுப்பொருளில் நின்றுவிட்டது. நம் 'காசு' என்ற பழைய நாணயமும் அப்படித்தான் பணமாயிற்று. ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்று சொல்லி, உலோகத்தின் பெயரைத் தாளுக்கு வைத்திருக்கும் மலேசியத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில்லறைக்கு அங்கே 'பொஸுக் பரா', அதாவது உடைந்த பணம். 'பொஸுக் வர் மு?' – சில்லறை இருக்கா?

இனி அந்த 'மு'வுக்கு வரலாம். கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

தமிழில் 'ஆ' எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ அந்தச் சொல்லைத்தான் கேள்வி கேட்கிறது. நீயா இதை வாங்கினே? நீ இதையா வாங்கினே? நீ இதை வாங்கினியா? மூன்றும் மூன்று சண்டை. ஆங்கிலத்தில் இதைக் குரலை ஏற்றி இறக்கித்தான் காட்ட முடியும், அச்சில் சாய்வெழுத்துப் போட வேண்டும். துருக்கியில் 'ஸென் மி' என்றால் நீயா. 'புனு மு' என்றால் இதையா. 'அல்துன் மு' என்றால் வாங்கினாயா. மனைவி கேட்டாலும் கணவன் கேட்டாலும் எந்தக் கேள்வி வருகிறது என்பது அந்த ஒற்றை அசையிலேயே தெரிந்துவிடும். இந்த வசதி நமக்கு எவ்வளவு பழக்கம் என்றால், மலேசியத் தமிழர் ஆங்கிலம் பேசும்போதும் 'கேன்-ஆ?', 'காட்-ஆ?' என்று அந்த ஆவை விடாமல் ஒட்டிக்கொள்கிறார்கள்.

தமிழ் 'ஆ' எங்கே ஒட்டினாலும் ஆதான். துருக்கி 'மி' நான்கு வேஷம் போடும். முன்னால் நிற்கும் சொல்லின் கடைசி உயிரைப் பார்த்து அது மாறும். தாஸெ (புதியது) என்பதோடு 'தாஸெ மி?' உஜுஸ் (மலிவு) என்பதோடு 'உஜுஸ் மு?', உதடு குவிந்த உகரம். பஹாலு (விலை அதிகம்) என்பதோடு 'பஹாலு மு?', உதடு குவியாத உகரம். ப்யூயூக் (பெரியது) என்பதோடு 'ப்யூயூக் ம்யூ?', உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொன்னால் வருவது. உயிரொலி இயைபு என்று இதைச் சொல்லலாம். மேல்நாட்டவர் மிகவும் அஞ்சும் ஒலி இவற்றில் அந்தக் குவியாத உகரம். அவர்களுக்கு வாயில் வராது. தமிழருக்கு? 'காசு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு குவிகிறதா? குவிவதில்லை. அதுதான் குற்றியலுகரம். தொல்காப்பியம் சார்பெழுத்தாக வைத்த அந்த ஒலிக்குக் கிட்டத்தட்ட இணையானதைத் துருக்கியர் முழு எழுத்தாக, புள்ளியில்லாத ஐ என்று ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள்.

எழுத்தில் மலேசியருக்கென்றே ஒரு பொறி உண்டு. 1928 நவம்பரில் துருக்கி அரபு எழுத்தை விட்டு ரோமன் எழுத்துக்கு மாறியது. மலாயும் ஜாவியிலிருந்து ரூமிக்கு வந்தது. ஆனால் இரண்டும் 'சி' என்ற எழுத்துக்கு வேறு வேறு ஒலி கொடுத்தன. மலாயில் அது 'ச', துருக்கியில் 'ஜ'. சித்தப்பாவைக் குறிக்கும் 'அம்ஜா' என்ற சொல்லை எழுத்தில் பார்த்தால் இங்கே படித்த எவரும் 'அம்ச்சா' என்றுதான் படிப்பார்கள். ஆங்கிலப் புத்தகம் இதை எச்சரிக்காது, அதற்கு இது தெரியாது.

முதலில் கேட்ட பைக் கேள்விக்குத் திரும்பலாம். 'இஸ்தெர் மிஸினிஸ்.' இஸ்தெ என்பது வேர், விரும்பு. 'ர்' காலம். பிறகு கேள்வி 'மி'. அதற்கும் பின்னால் 'ஸினிஸ்', நீங்கள் என்ற விகுதி. தமிழ்க் காதுக்கு இது உறுத்தும். நாம் 'வாங்குவீர்களா' என்று விகுதியை முடித்துவிட்டுக் கடைசியில் கேள்வியை வைப்போம். துருக்கி இங்கே கேள்வியை உள்ளே நுழைத்து ஆளைக் கடைசியில் நிறுத்துகிறது. இறந்த காலத்தில் நம்மைப் போல 'அல்துனுஸ் மு', வாங்கினீர்களா என்று கடைசியில் வைக்கிறது. ஒரே மொழிக்குள் ஏன் இந்த இரட்டை வழக்கு என்றால் அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. கடைக்குப் போகிறவருக்கு அது வேண்டாம், இரண்டையும் வாயால் பழகிக்கொண்டால் போதும்.

துணியை உடுத்திப் பார்க்க அனுமதி கேட்பது: 'தெனெயெபிலிர் மியிம்?' பார்த்தால் ரயில் போல நீளம். பெட்டி பெட்டியாகக் கழற்றினால் தெனெ (முயன்று பார்), உடம்படுமெய், 'எபில்' (முடியும்), காலம், கேள்வி, நான். நாம் 'போட்டுப் பார்க்கலாமா?' என்கிறோம். 'பார்' என்ற வினையைத் துணைவினையாக்கி முயற்சியைச் சொல்கிறோம். அவர்கள் அறிதலைக் குறிக்கும் 'பில்' என்ற வினையைத் துணைக்கு அழைத்து இயலுமையைச் சொல்கிறார்கள். ஆள் வேறு, உத்தி ஒன்று.

தமிழருக்குச் சறுக்கும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 'இதன் விலை என்ன?' என்பது 'புனுன் ஃபியாது நெ?' இங்கே புனுன் என்றால் இதன். அத்தோடு துருக்கி நிற்பதில்லை. ஃபியாத் (விலை) என்பதோடும் ஒரு விகுதி சேர்த்து 'ஃபியாது', அதாவது அதனுடைய விலை என்று கட்டுகிறது. உடையவருக்கும் முடிச்சு, உடைமைக்கும் முடிச்சு. நாம் ஒரு முடிச்சோடு விட்டுவிடுவோம். தமிழர் பேசும் துருக்கியில் அடிக்கடி விழும் ஓட்டை இதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டு முதலில் திகைத்தவர்கள் நாம் அல்ல. 1856இல் இராபர்ட் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, தமிழையும் அதன் உடன்பிறப்புகளையும் 'சித்திய' மொழிகள் என்ற பெருங்கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். பின்னிஷ், துருக்கி, மங்கோலியம் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தன. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடி என்ற தேரிக்காட்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் இதைச் செய்தார். திராவிட மொழிகள் வடமொழியிலிருந்து பிறக்கவில்லை என்று அவர் நிறுவியது நின்றது. சித்திய உறவு நிற்கவில்லை. ஒட்டுநிலை அமைப்பு என்பது உலகில் தொடர்பில்லாத பல மொழிகளுக்கும் வாய்த்த ஒரு கட்டுமானம், அதைக் கொண்டு ரத்த உறவு பேச முடியாது என்பதுதான் இன்றைய மொழியியலின் நிலை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. துருக்கியில் அம்மாவுக்கு 'அன்னெ'. தாய்மாமனுக்கு 'தாயு'. இந்த இரண்டு சொல்லும் கிடைத்தால் போதும், துருக்கியர் தொலைந்துபோன தமிழர்கள் என்று கைபேசியில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகளால் உலகெங்கும் அம்மாவுக்குப் பெயர் அமைகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்குப் பக்கத்தில் பிர், இகி, யூச் என்று வைத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். எதற்கு வீண் உறவு? உறவில்லாமலே இவ்வளவு ஒத்திருப்பதுதான் அதிசயம்.

உண்மையான சொல்லுறவு வேண்டுமென்றால் அக்கா இஸ்தான்புல்லின் மசாலாச் சந்தைக்குப் போகட்டும். 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தச் சந்தைக்கு 'முஸுர் சார்ஷுஸு', எகிப்துச் சந்தை என்று பெயர். அங்கே இஞ்சிக்கு 'ஸெஞ்ஜெஃபில்'. அரபிக்கும் பாரசீகத்துக்கும் பின்னால் போனால் பிராகிருதம், அதற்கும் பின்னால் போனால் நம் இஞ்சி என்று சொற்பிறப்பியலார் பலர் காட்டுகிறார்கள். 'ஷெகெர்' சர்க்கரைதான், இரண்டுக்கும் தாய் வடமொழி. மிளகைக் குறிக்கும் 'பிபெர்' கிரேக்கம் வழியே போய் முடிவது, நாம் திப்பிலி என்கிற அந்தப் பழைய இந்தியச் சொல்லில். தேங்காய் வேண்டுமா? 'ஹிந்திஸ்தான் ஜெவிஸி வர் மு?' என்று கேட்க வேண்டும், இந்தியக் கொட்டை. வான்கோழிக்கு ஆங்கிலேயர் 'டர்க்கி' என்று பெயர் வைத்தார்கள். துருக்கியர் அதை 'ஹிந்தி' என்கிறார்கள், இந்தியாவிலிருந்து வந்ததாம். மலாய்க்காரர்கள் 'ஆயாம் பெலாண்டா', ஒல்லாந்தர் கோழி என்கிறார்கள். அமெரிக்கப் பறவை ஒன்று எவர் தலையில் கட்டப்பட்டாலும் சொந்த ஊர்ப் பெயரில் மட்டும் அழைக்கப்படவில்லை.

அரபும் பாரசீகமும் நிறைந்திருந்த மொழியைத் தூய்மைப்படுத்த 1932இல் துருக்கி மொழிக் கழகம் தொடங்கியது. மறைமலை அடிகள் தனித்தமிழைக் கையில் எடுத்து அப்போது பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. அங்கே அரசு முன்னின்றது, இங்கே ஆசிரியர்களும் எழுத்தாளர்களும். விளைவு கடையிலேயே தெரியும். கணினி விற்கும் கடையில் 'பில்கிஸயார்' என்று எழுதியிருக்கும். பில்கி அறிவு, ஸயார் எண்ணுவது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர் கணினியைக் கம்ப்யூட்டர் என்றுதான் விற்கிறார்.

சந்தைப் பேச்சின் சின்னச் சின்னப் பழக்கங்களில்தான் இரண்டு மொழியும் மிக நெருங்குகின்றன. பக்கத்துத் தெருவில் தள்ளுபடி என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டால் 'இந்திரிம் வர்முஷ்'. அந்த 'முஷ்' நம் 'ஆம்'. தள்ளுபடி இருக்காம். நேரில் பார்க்கவில்லை, பொய்யானால் என்னைக் குறை சொல்லாதே என்ற பாதுகாப்பு அந்த ஒற்றை அசையில் இருக்கிறது. 'காப்பி கீப்பி சாப்பிடுறீங்களா?' என்று நாம் இரட்டிப்பதை அவர்கள் 'சாய் மாய்' என்று இரட்டிக்கிறார்கள். நமக்கு 'கீ', அவர்களுக்கு 'ம'.

முன்பின் தெரியாத கடைக்காரர் 'ஆபி', அண்ணன். பெண் என்றால் 'ஆப்லா', அக்கா. வயதான அம்மாள் 'தெய்ஸெ', அம்மாவின் உடன்பிறந்தவர். அப்பாவின் உடன்பிறந்தவருக்கு 'ஹாலா' என்று தனிச் சொல் இருக்கிறது, ஆனால் சந்தையில் அந்நியரை யாரும் ஹாலா என்பதில்லை. எல்லாரையும் ஆன்ட்டி என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்ட நம் பிள்ளைகளுக்குச் சித்தி வேறு அத்தை வேறு என்பதை இஸ்தான்புல் நினைவூட்டும். காலையில் முதல் வியாபாரத்துக்கு 'ஸிஃப்தாஹ்' என்று பெயர். நம் போணி. வந்த பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு 'பெரெகெத் வெர்ஸின்' என்பார் கடைக்காரர், பெருகட்டும். மலாயின் 'பெர்காட்' அதன் உடன்பிறப்பு. போணி நேரத்தில் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனால் முகம் சுளிப்பது இரண்டு ஊரிலும் உண்டு.

ஆகவே துருக்கிப் பாடநூல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் ஓரத்தில் பென்சிலால் அதன் தமிழை எழுதுங்கள். செந்தமிழில் வேண்டாம், டெங்கில் பசார் மாலாமில் பேசுகிற தமிழில் எழுதுங்கள். உருபு உருபாக நேருக்கு நேர் உட்காரும். உட்காராத இடத்தில் வட்டம் போடுங்கள், படிக்க வேண்டியது அந்த வட்டங்கள் மட்டும்தான்.

அக்கா இன்னும் அந்தத் துணிக் கடையில் நிற்கிறார். விலை படியவில்லை. வெளியேற வேண்டும், கடைக்காரர் மனமும் நோகக் கூடாது. 'பிர் தொலாஷுப் கெலெயிம்' என்கிறார். பிர் – ஒரு. தொலாஷுப் – சுற்றிவிட்டு. கெலெயிம் – வருகிறேன். 'ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்.' இஸ்தான்புல் கடைக்காரருக்கும் தெங்கு கிளானா சாலைக் கடைக்காரருக்கும் அதன் பொருள் தெரியும்: இவர் திரும்பி வரமாட்டார்.